பாட்டிலில் இருக்கும் சிவப்புக் கோடு: பழைய டெஸ்லா காயில் ஏன் பொறி விடவில்லை?

தம்பி, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். மன்னார்குடி வீட்டுப் பரணிலிருந்து உங்கள் சித்தப்பா 1990களில் கட்டிய டெஸ்லா காயிலை, அதாவது உயர் வோல்டேஜில் காற்றிலேயே பொறி விடும் அந்தக் கருவியை, இறக்கியிருக்கிறீர்கள். உப்புப் பூத்துக் காய்ந்து கிடந்த 12 கண்ணாடி பாட்டில்களையும் கழுவி, புதிதாக உப்புத் தண்ணீர் ஊற்றி, அவர் வைத்திருந்த அதே நியான் டிரான்ஸ்பார்மரில் (கடை போர்டு விளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள். கீழே ஸ்பார்க் கேப் (பொறி தாவும் இடைவெளி) படபடவென்று அடிக்கிறது, மேலே ஒரு அங்குலப் பொறிதான் வருகிறது, போதாததற்குக் காயிலின் உடம்பிலேயே நீலப் பொறி ஏறி இறங்குகிறது. சித்தப்பா காலத்தில் இரண்டடிக்குப் பொறி வந்ததை அம்மா பார்த்திருக்கிறார்கள். அதனால் "பவர் பத்தவில்லை போல, மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மர் மாட்டலாமா, பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் கேட்டது டிரான்ஸ்பார்மரைப் பற்றி. ஆனால் விஷயம் அதுவல்ல. அன்று இரண்டடி கொடுத்த அதே சாமான் இன்று ஏன் ஒரு அங்குலம் கொடுக்கிறது என்பதுதான் விஷயம். கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு பாட்டிலிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை என்று. எனக்கு அந்த வரியைப் படித்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துக் கும்பகோணத்தில் 22 வருடமாக மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறேன். பம்புசெட் மோட்டாரும் நீர்மூழ்கியும்தான் பிழைப்பு. டெஸ்லா காயில் என் சொந்த ஆசை; நான்கு கட்டியிருக்கிறேன், பழையது இரண்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். உங்கள் காயிலை நான் கையால் தொட்டுப் பார்க்கவில்லை, நீங்கள் போட்ட இரண்டு படத்தையும் சித்தப்பாவின் நோட்டிலிருந்து எடுத்து எழுதிய அளவுகளையும் வைத்துத்தான் பேசுகிறேன். அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. டெஸ்லா காயில் சாதாரண டிரான்ஸ்பார்மர் மாதிரி சுற்று விகிதத்தில் வோல்டேஜை ஏற்றுவதில்லை. கீழே இருக்கும் தடித்த செப்புக் குழாய்ச் சுருளும் பாட்டில் மின்தேக்கிகளும் சேர்ந்து ஒரு அதிர்வெண்ணில் ஆடும். மேலே இருக்கும் நீளக் காயிலும் அதன் தலையில் இருக்கும் உலோகத் தொப்பியும் சேர்ந்து இன்னொரு அதிர்வெண்ணில் ஆடும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கீழே உள்ள ஆற்றல் மேலே ஏறும். தம்புராவில் ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தந்தியில் ஒன்றை மீட்டினால் மற்றதன் மேல் வைத்த காகிதத் துணுக்கு துள்ளும். சுருதி கொஞ்சம் விலகினால் எவ்வளவு பலமாக மீட்டினாலும் அது அசையாது. உங்கள் காயிலில் இப்போது நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன். சுருதி விலகி நிற்கும்போது பவரை ஏற்றினால் பொறி நீளாது. ஏறின பவர் வேறு எங்காவது போய் எதையாவது பொசுக்கும்.

சித்தப்பாவின் நோட்டில் "4 அங்குலக் குழாய், 26 கேஜ், அரைக் கிலோ" என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நம்மூரில் 4 அங்குலம் என்று கேட்டு வாங்கும் பிவிசி குழாய் 110 மி.மீ. வெளி விட்டம். 26 கேஜ் எனாமல் கம்பியின் செப்பு 0.457 மி.மீ., எனாமலோடு சேர்த்துத் தோராயமாக அரை மி.மீ. படத்தில் வைண்டிங் உயரம் 50 செ.மீ. இருக்கும் போலத் தெரிகிறது. அப்படியானால் ஏறக்குறைய 980 சுற்று, 340 மீட்டர் கம்பி, எடை அரைக் கிலோ. நோட்டும் கணக்கும் ஒன்றாக வருகிறது. மனுஷன் கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார். இந்தக் காயிலின் மின்தூண்டல் 21 மில்லிஹென்றி பக்கம் வரும். தலையில் அவர் வைத்திருக்கும் அந்த அமைப்பு, அதாவது இரண்டு எவர்சில்வர் தாம்பாளத்துக்கு நடுவே வளைத்த அலுமினியக் குழாய், அதையும் சேர்த்தால் மொத்த மின்கொள்ளளவு 20 பிக்கோபேரட் அளவில் இருக்கும். அப்போது மேல் காயில் ஆடும் அதிர்வெண் சுமார் 250 கிலோஹெர்ட்ஸ். இது கணக்கு, அளவு இல்லை; பத்து சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம்.

இப்போது பாட்டில். முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில், உள்ளே உப்புத் தண்ணீர், வெளியே அலுமினியத் தாள். கண்ணாடி 3 மி.மீ. தடிமன் என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.75 நானோபேரட் தரும், 12 பாட்டிலுக்கு 9 நானோபேரட். ஆனால் இது தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் தொடாத கண்ணாடி மின்தேக்கி ஆகாது. அந்தச் சிவப்புக் கோடு தண்ணீர் மட்டம், தம்பி. வெளியே அலுமினியத் தாள் முடிகிற இடத்துக்கு நேராகவே அது இருப்பதைப் படத்தில் பாருங்கள். நீங்கள் கழுவி ஊற்றும்போது சிந்திவிடும் என்று பயந்து கோட்டுக்கு நான்கு விரல்கடை கீழேயே நிறுத்தியிருக்கிறீர்கள். படத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் கோட்டின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கிறது. அப்படியானால் 9 நானோபேரட் 6 ஆகிவிட்டது. மின்கொள்ளளவு குறைந்தால் அதிர்வெண் ஏறும், 250-இல் நிற்க வேண்டிய கீழ்ச்சுற்று 306 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். இருபது சதவீதத்துக்கு மேல் விலகல். ஒரு அங்குலப் பொறி வந்ததே அந்தக் காயில் நன்றாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது, இதைப் படித்ததும் தயவுசெய்து ஓட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் டிரான்ஸ்பார்மர் தகட்டில் 15000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் என்று போட்டிருக்கிறது. நியான் டிரான்ஸ்பார்மர் தானாகவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்படி செய்யப்பட்டது, அதனால் அதற்குள்ளேயே ஒரு பெரிய மின்தூண்டல் இருப்பது போல நடந்துகொள்ளும். 15000-ஐ 0.03-ஆல் வகுத்தால் 5 லட்சம் ஓம். நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் இதே 5 லட்சம் ஓம் தரும் மின்தேக்கி எவ்வளவு தெரியுமா? 6.4 நானோபேரட். நீங்கள் தெரியாமல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் 6 அதற்கு மிகப் பக்கம். டிரான்ஸ்பார்மரும் மின்தேக்கியும் 50 ஹெர்ட்ஸிலேயே ஒத்ததிர்வுக்கு, அதாவது ஒரே சுருதிக்கு, வந்துவிட்டால், ஸ்பார்க் கேப் சரியான நேரத்தில் அடிக்காத ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் தகட்டில் போட்டதைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். கேப்பை அகலமாக வைத்திருந்தால் முடிந்தது கதை. சித்தப்பா 9-இல் வைத்திருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒத்ததிர்வு அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக மின்தேக்கி வைப்பது அனுபவப்பட்டவர்கள் செய்கிற வேலை. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பட்டியல்களில் இதே டிரான்ஸ்பார்மருக்கு 5.3 நானோபேரட் என்று பார்ப்பீர்கள். அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கணக்கு, நமக்கு ஆகாது. நிறையப் பேர் இதில்தான் சறுக்குகிறார்கள்.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். 2009-இல் என் முதல் காயில். பொறி ஒன்றரை அடியில் நின்றது, இன்னும் வேண்டும் என்று ஸ்பார்க் கேப்பை அகட்டினேன். உடனே இரண்டு அங்குலம் கூடியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நிமிடம் ஓடியிருக்கும், தார் உருகிய வாடை அடித்தது, மேலே பொறி பாதியாகக் குறைந்தது. டிரான்ஸ்பார்மரின் ஒரு பக்கச் சுருள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது. நியான் டிரான்ஸ்பார்மர் தாரில் புதைத்துச் செய்தது, மோட்டார் மாதிரி பிரித்துச் சுற்ற முடியாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தாரைக் கரைத்துக்கூடப் பார்த்தேன், நடக்கவில்லை. அன்றைக்காவது ஜவுளிக்கடை, நகைக்கடை போர்டுகளைக் கழற்றும்போது பழைய டிரான்ஸ்பார்மர் கிடைக்கும். இப்போது எல்லாம் எல்இடி. உங்களிடம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் டிரான்ஸ்பார்மர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பாட்டில்களிலிருந்தும் அதன் கம்பிகளைப் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரில் ஒரு உயர்மின் முனைக்கும் பாடிக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பாருங்கள், பிறகு மறு முனைக்கும் பாடிக்கும். இரண்டும் சில ஆயிரம் ஓம் காட்டி, கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் நல்லது. ஒன்று மற்றதைவிட வெகுவாகக் குறைந்தோ திறந்தோ இருந்தால் அந்தப் பக்கம் போய்விட்டது. ஊர் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்து "பாடி ஷார்ட், தூக்கிப் போடு" என்பார். எங்கள் மோட்டார் வேலையில் அது சரி. ஆனால் இந்த டிரான்ஸ்பார்மரில் உயர்மின் சுருளின் நடுப்புள்ளியையே பாடியோடு சேர்த்துத்தான் செய்கிறார்கள், மெக்கர் பூஜ்யம் காட்டினால் அது பழுது இல்லை. இந்தக் காரணத்தால் நல்ல டிரான்ஸ்பார்மர் பழைய இரும்புக் கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் வேண்டவே வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது தருவது 2000 வோல்ட் பக்கம்தான், உங்கள் ஸ்பார்க் கேப்புக்கும் மின்தேக்கிக்கும் அது பொருந்தாது என்பது ஒரு பக்கம். அதன் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவில் வரும் என்பதுதான் பெரிய விஷயம். கை பட்டால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. நியான் டிரான்ஸ்பார்மரின் 30 மில்லிஆம்பியர் மட்டும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் மாட்டும் இஎல்சிபி 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி வைத்திருப்பது, அதற்கு மேல் உடம்பில் ஓடினால் இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான். அந்த இஎல்சிபி இங்கே உங்களைக் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரின் உயர்மின் பக்கம் நீங்கள் அடி வாங்கினாலும் பிளக் பக்கம் போகும் கரண்டும் வரும் கரண்டும் சமமாகவே இருக்கும், அதற்கு எதுவும் தெரியாது. "டெஸ்லா காயில் பொறி தோலின் மேலேயே ஓடிவிடும், ஒன்றும் செய்யாது" என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அது தவறு. செப்பில் 250 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் மேற்பரப்பிலிருந்து மிகச் சிறிய ஆழத்துக்குள்ளேயே ஓடுவது உண்மை. மனித உடம்பு செப்பு இல்லை. அந்த அதிர்வெண்ணுக்கு நம் சதையில் அந்த ஆழம் ஒரு மீட்டருக்கு மேல் வருகிறது, அதாவது உடம்பு முழுக்க ஊடுருவும். அவ்வளவு வேகமான துடிப்பை நரம்பு உணர்வதில்லை, அதனால்தான் வலிக்கவில்லை. வலிக்காமலேயே உள்ளே சுடும். அதோடு, காயில் எங்காவது கீழ்ச்சுருளுக்குப் பொறி அடித்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸும் அதே வழியில் சேர்ந்து வரும்.

சரி, வேலைக்கு வருவோம். பாட்டில்களைத் தொடுமுன் ஒரு நீளமான காய்ந்த பிவிசி குழாயின் நுனியில் செப்புக் கம்பி கட்டி, அதை எர்த்தோடு சேர்த்து, ஒவ்வொரு பாட்டிலின் உள் கம்பியையும் வெளித் தாளையும் சேர்த்துத் தொட்டு மின்னேற்றத்தை இறக்குங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி தொடுங்கள். கண்ணாடி மின்தேக்கி ஒரு தடவை இறக்கிய பிறகும் கொஞ்சம் மின்னேற்றத்தைத் திரும்பக் காட்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் வெளிப்பக்கத்தையும் கழுத்தையும் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கழுத்தில் உப்புப் படிந்திருந்தால் ஈரக் காற்றில் அதுவே கம்பி மாதிரி வேலை செய்யும், அதன் வழியாகப் பொறி ஏறிக் கண்ணாடி விரிசல் விடும். உப்பு எந்த உப்பும் சரி, நம் வேதாரண்யம் கல் உப்பே போதும். இனிக் கரையாது என்னும் வரை கரைத்து, வடிகட்டி, சிவப்புக் கோடு வரை ஊற்றுங்கள். அதன் மேல் அரை அங்குலத்துக்குக் கடலை எண்ணெயோ டிரான்ஸ்பார்மர் ஆயிலோ விடுங்கள். தண்ணீர் ஆவியாவதையும், தண்ணீர் விளிம்பில் ஊதா ஒளி கசிவதையும் அது தடுக்கும். சித்தப்பாவும் எண்ணெய் விட்டிருப்பார், பாட்டிலைக் கழுவும்போது பிசுபிசுப்பு இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். மின்கொள்ளளவை அளக்கும் எல்சிஆர் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் ஊற்றி முடித்ததும் மொத்தத்தையும் அளந்துவிடுங்கள். 9-க்குப் பக்கத்தில் வந்தால் என் கணக்கு சரி. வேறாக வந்தால் மீட்டரைத்தான் நம்ப வேண்டும், என் கணக்கை இல்லை.

பாட்டிலைத் தூக்கிவிட்டு நவீன பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கிகளைத் தொடராகக் கோர்த்துப் போடலாமே என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். கண்ணாடி சூடாகும், ஆற்றலைத் தின்னும், அதே அளவில் பிளாஸ்டிக் மின்தேக்கி வைத்தால் பொறி நீளும். ஆனால் அது புதுக் காயில் கட்டுகிறவருக்கு. உங்களிடம் இருப்பது ஒருவர் கணக்குப் போட்டு, கோடு கிழித்து வைத்துவிட்டுப் போன பொருள். முதலில் அதை அவர் வைத்த நிலைக்குக் கொண்டுவாருங்கள், மாற்றுவதை அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்து அந்த நீலப் பொறி. காயில் உடம்பில் பொறி ஏறுவதற்குக் காரணம் மூன்று. சுருதி விலகியிருப்பது ஒன்று, அதைத்தான் இப்போது சரிசெய்கிறோம். மேல் காயில் கீழ்ச்சுருளுக்குள் அளவுக்கு மீறி இறங்கி நிற்பது இன்னொன்று. அப்படியானால் அடியில் மரக்கட்டை வைத்து ஒன்று இரண்டு அங்குலம் தூக்கினால் நின்றுவிடும். மூன்றாவது ஈரமும் கரியும். உங்கள் இரண்டாவது படத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கீற்று தெரிகிறதே, அது நிழல் இல்லை என்றால் கரித்தடம். பொறி ஒரு தடவை போன வழியில் வார்னிஷ் கருகிக் கரியாகிவிடும், கரி மின்சாரத்தைக் கடத்தும், மறு தடவை அதே வழியில் இன்னும் சுலபமாகப் போகும். அதன் மேல் புது வார்னிஷ் அடித்து மூடினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிளேடு முனையால் கறுப்பு முழுக்கப் போகும் வரை மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே செம்பு பளிச்சென்று தெரிந்து, இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அந்தக் காயிலைத் திருப்பிச் சுற்றுவதே வழி. ஒட்டிய ஒரு சுற்று போதும், மொத்தக் காயிலின் ஆட்டத்தையும் குடித்துவிடும். எனாமல் மட்டும் போயிருந்தால் துடைத்துக் காயவைத்து வார்னிஷ் போடலாம்.

காயவைப்பதை அவசரப்படுத்தாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு என் கடைக்குத் தண்ணீரில் ஊறிய மோட்டார்களாக வந்து குவிந்தன, அந்த மூன்று மாதத்தில் வைண்டிங்கைக் காயவைப்பது பற்றி நான் கற்றது அதற்கு முந்தைய பத்து வருடத்தில் கற்றதைவிட அதிகம். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் தங்கும், அந்த நிலையில் வார்னிஷ் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல. மோட்டாரை நன்றாகச் சூடேற்றலாம், பிவிசி குழாயை முடியாது, இளகிவிடும். குழாயை நிமிர்த்தி வைத்து உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு மேல் வாயைத் திறந்து வையுங்கள், தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும், இரண்டு நாள் விடுங்கள். மார்கழிப் பனியில் செய்யாமல் மாசி, பங்குனி வெயிலில் செய்தால் இன்னும் நல்லது. அப்புறம் காற்றில் காயும் இன்சுலேஷன் வார்னிஷ், மெல்லிசாக நான்கைந்து பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. வார்னிஷ் வழிந்து திரளாமலிருக்க, காயிலைப் படுக்கப் போட்டுக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கடையில் இந்த வேலையைக் காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்துதான் செய்வேன், பூச்சு இழுபடுவது ஒரு பக்க வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

எர்த் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனால் வீட்டுச் சுவர் பிளக்கின் எர்த்திலேயே காயிலின் அடிமுனையைக் கொடுத்திருப்பீர்கள் என்று சந்தேகப்படுகிறேன். அப்படியிருந்தால் பிரித்துவிடுங்கள். டிரான்ஸ்பார்மர் பாடிக்கு வீட்டு எர்த் வேண்டும். காயிலின் அடிமுனைக்குத் தனியாக மண்ணில் அடித்த தடி வேண்டும். இல்லையென்றால் அந்த உயர் அதிர்வெண் வீட்டு வயரிங் வழியாகப் போய் டிவி, வைஃபை பெட்டி என்று கண்டதையும் பதம் பார்க்கும். பம்புசெட் குழாயிலும் கட்டாதீர்கள், இப்போது போர்வெல்லில் இறக்குவது பெரும்பாலும் பிவிசி; இரும்பாக இருந்தாலும் அது மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்ந்திருக்கும். எர்த் விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நம் வண்டல் களிமண் ஈரமாக இருந்தால் ஆறடித் தடி இரண்டு அடித்தாலே நல்ல எர்த் கிடைக்கும். ஆனால் கோடையில் அதே களி பாளம் பாளமாக வெடித்துத் தடியை விட்டு விலகி நிற்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும் வரை அந்த எர்த்தை நம்ப முடியாது. உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழி கட்டித் தினம் ஒரு குடம் தண்ணீர் விடுங்கள். கம்பி நீளம் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். வாய்க்கால் ஓரம் நல்ல ஈரம் என்று முப்பதடி இழுத்துக்கொண்டு போனால், 250 கிலோஹெர்ட்ஸுக்கு அந்தக் கம்பியே ஒரு தடை.

ஸ்பார்க் கேப்பை முதலில் சிறிதாக வையுங்கள். பாட்டில்களைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மரை மட்டும் கேப்போடு சேர்த்து ஓட்டினால் அது நிச்சயமாக அடிக்க வேண்டும், அந்த அகலத்தைத் தாண்டாதீர்கள். டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி) ஒன்று வாடகைக்காவது வாங்கிப் பாதி வோல்டேஜில் ஆரம்பியுங்கள். கீழ்ச்சுருளில் எத்தனை சுற்று வேலை செய்யும் என்பதைக் கிளிப் மாட்டும் இடம்தான் தீர்மானிக்கும்; அந்தக் கிளிப்பைக் கால் கால் சுற்றாக நகர்த்துங்கள், ஒவ்வொரு தடவையும் முதலில் பிளக்கைக் கழற்றி, பாட்டில்களின் மின்னேற்றத்தை இறக்கி, நகர்த்தி, அப்புறம் ஓட்டிப் பாருங்கள். என் கணக்குப்படி 9 நானோபேரட்டுக்கு 45 மைக்ரோஹென்றி வேண்டும். படத்தில் தெரிகிற அளவுச் சுருளுக்கு அது 12-ஆவது சுற்றுக்குப் பக்கம் வருகிறது. பொறி வர ஆரம்பித்ததும் அந்தப் பொறியே மேல் காயிலின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்கும், அதனால் சிறந்த இடம் கணக்கு சொல்வதைவிடச் சற்று வெளியே இருக்கும். தலைத் தாம்பாளத்தை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள், எல்லாம் மாறிவிடும். எவ்வளவு வரும் என்று கேட்டால், 450 வாட்டுக்கு மிக நன்றாகக் கூட்டிய காயில் மூன்றடி வரை தரும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பழகியவர்களின் கணக்கு. பாட்டில் மின்தேக்கிக்கு இரண்டடி நியாயமான அளவு. உங்கள் அம்மா சொன்னது மிகை இல்லை.

கண்காட்சிக்கு வைக்கலாம், ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்பேன். வீட்டில் பத்துத் தடவை ஒழுங்காக ஓடட்டும். வைக்கும்போது டிரான்ஸ்பார்மர், பாட்டில், கேப் எல்லாம் குழந்தை கை நுழையாத பெட்டிக்குள் போக வேண்டும். பார்ப்பவர்கள் பத்தடிக்கு அப்பால் கயிற்றுக்குப் பின்னால் நிற்கட்டும். கையை எடுத்தால் அணைந்துவிடும் புஷ் பட்டன் போடுங்கள், அதை நீங்களே பிடித்திருங்கள், பக்கத்தில் மெயினை அணைக்கத் தெரிந்த இன்னொருவர் நிற்கட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் காது கேட்கும் கருவி வைத்தவர்களும் அறையிலேயே இருக்கக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். கம்ப்யூட்டர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஓசோன் வாடை நெஞ்சைக் கமறும். ஒரு தடவைக்குப் பத்து வினாடி போதும். பொறியைக் காட்டுவதோடு நிறுத்தாமல், நான்கடி தள்ளி ஒரு பழைய டியூப்லைட்டை மரச் சட்டத்தில் நிறுத்தி வையுங்கள். எல்இடி டியூப் இல்லை, உள்ளே வாயு இருக்கும் பழையது. ஒரு கம்பியும் இல்லாமல் அது எரியும். டெஸ்லா 1891-இல் இதற்கு வாங்கிய காப்புரிமையே மின்விளக்கு ஏற்றும் முறைக்குத்தான், பொறி விடுவதற்கு இல்லை. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கிளிப்பை நகர்த்த ஆரம்பிக்குமுன் அந்தச் செப்புக் குழாயைத் துடைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். சித்தப்பா கிளிப் மாட்டி ஓட்டிய இடத்தில் பல் பதிந்து, சுற்றிலும் லேசாகக் கறுத்த ஒரு தழும்பு இருக்கும். அது எத்தனையாவது சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நல்ல பொறி எந்தச் சுற்றில் வருகிறது என்பதையும் அதையும் சேர்த்து இங்கே எழுதுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.